உமிக்கரியில் இல்லாத ஓர் அயனி

சுங்கைப்பட்டாணி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். புலனத்தில் வந்த காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பற்பசை செய்கிறாராம். மூன்று கரண்டி தேங்காய் எண்ணெய், இரண்டு கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் கிராம்புத் தூள், உப்பு. மாமியார் சொன்னதால் உமிக்கரியும் சேர்ந்துகொண்டது. குடும்பமே ஒரு மாதமாக அதில்தான் பல் விளக்குகிறது. “பிள்ளைகளுக்கு இது போதுமா?” என்பது கேள்வி.

அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். கறுப்புப் பானத்தில் ஊறிய முட்டையை இந்தப் பசையால் தேய்த்து வெள்ளையாக்கிக் காட்டுகிறார்கள். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். பல்லின் எனாமல் கால்சியம் பாஸ்பேட். சைக்கிள் ஓட்டிக் காட்டி லாரிக்கு லைசென்ஸ் கேட்பதைப் போன்ற சான்று இது.

முதலில் மாமியாரின் உமிக்கரி. கெடாவுக்கு இது அந்நியமான சரக்கு இல்லை. அலோர்ஸ்டார், ஜித்ரா பக்கம் நெல் வயல். பீடோங், கூலிம், லூனாஸ் பக்கம் ரப்பர் மரம். அரிசி ஆலையில் உமி சும்மா கிடைக்கும். என் பாட்டி அதை ஓட்டை விழுந்த பிஸ்கட் டின்னில் போட்டு, புகையவிட்டு, கறுத்ததும் தண்ணீர் தெளித்து அணைப்பார். உப்பு சேர்த்து இடித்தால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. விடியற்காலை தோட்டத்தில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகுமுன் லயத்துப் பின்கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்தி எல்லோரும் துப்புவார்கள். அந்தக் கால்வாயின் சிமெண்டு விளிம்பு எந்த மழைக்கும் வெளுக்காமல் கறுப்பாகவே இருந்தது.

நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அது முழுக்க எரிந்தால் மிஞ்சும் சாம்பல் 4 கிலோ. அதில் சுமார் 90 விழுக்காடு சிலிக்கா. சிலிக்கா என்றால் மணலின் சொந்தக்காரர். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் எனாமல் 5, அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் 3. சமையல் சோடாவும் உப்பும் 2.5 அளவில் நிற்பவை; பல்லைக் கீறாது. செங்கல் பொடியில் உள்ள குவார்ட்ஸ் 7. உமிக்கரி இரண்டுக்கும் நடுவில், எரித்தவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது. தீ அதிகமாகிச் சாம்பல் வெளுத்துவிட்டால் கீறல் கூடும். பாட்டியின் பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. ஆனால் ஈறோரத்தில் ஒவ்வொரு பல்லிலும், பால்மரத்தில் கத்தி போட்ட மாதிரி ஒரு வெட்டு. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதை உண்டாக்கிய செல்கள், பல் முளைத்து வெளியே வந்ததுமே செத்துப்போகின்றன.

இதே கரியைக் குழாயில் அடைத்து ‘சார்கோல்’ என்று விற்றால் மட்டும் அறிவியலாகிவிடாது. 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வலசல், இவை பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது.

சரி, தேய்ப்பதை விடுங்கள். பல் சொத்தை அழுக்கால் வருவதில்லை, அமிலத்தால் வருகிறது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அமிலத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தட்டில் ஊற்றிய ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டால், பிஎச் அளவு 5-க்குச் சற்றுக் கீழே இறங்கும்போது பால் கட்டியாகிவிடும். வாயில் நடப்பது இதற்கு நேர் எதிர். நீங்கள் டின்பால் ஊற்றிய தே தாரேக் குடிக்கிறீர்கள். பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகிறது. சில நிமிடங்களில் பிஎச் 5.5-க்குக் கீழே போகிறது. அங்கே பால் உறைந்தது. இங்கே பல் கரைகிறது. பிறகு எச்சில் வந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் நிலைமையைச் சரிசெய்து, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் பூசுகிறது. ஒரு நாளில் பலமுறை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. கணக்கு நஷ்டத்தில் முடிந்துகொண்டே போனால் சொத்தை.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். எனாமல் படிகத்துக்குள் நீண்ட நீண்ட குழல்கள் உண்டு. அவற்றைத் தோட்டத்து லயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வீடுகள்; ஒவ்வொரு வீட்டையும் தாங்குவது முக்கோணமாக நிற்கும் மூன்று கால்சியம் தூண்கள். குடியிருப்பவர் ஹைட்ராக்சில். அவர் உருவம் கொஞ்சம் கோணல். தூண்களுக்கு நட்டநடுவே உட்கார முடியாமல் வாசல் பக்கமாகக் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். அமிலத்தின் புரோட்டான் வாசலில் வந்து கூப்பிட்டதும் எழுந்து கூடவே போய்விடுகிறார். இருவரும் சேர்ந்தால் தண்ணீர். வீடு காலியானால் தூண் ஆடும். லயத்தில் ஒரு வீட்டுக் கூரை சரிந்தால் பக்கத்து வீடும் சரியும்.

ஃபுளோரைடு அயனி உருண்டையானது, ஹைட்ராக்சிலைவிட ஒரு மயிரிழை சிறியது. மூன்று தூண்களுக்கும் சரியாக நடுவில் போய் உட்கார்ந்து மூன்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. புரோட்டான் கூப்பிட்டாலும் சுலபத்தில் எழுந்து போவதில்லை. இப்படிக் குடிமாறிய படிகம் கரைய வேண்டுமானால் பிஎச் 4.5 வரை இறங்கியாக வேண்டும். எச்சில்தான் பலகை கொண்டுவரும் குத்தகைக்காரர் என்றால், ஃபுளோரைடு அவரை விரட்டி வேலை வாங்கும் மண்டோரும்கூட. அது பக்கத்தில் இருந்தால் கால்சியம் சீக்கிரம் திரும்பப் படிகிறது. இரவில் குத்தகைக்காரர் தூங்கிவிடுவார், எச்சில் ஊறுவது குறையும். படுக்கப்போகும் முன் பல் விளக்கச் சொல்வது அதனால்தான். லயத்துக்கு யார் வாடகை கட்டுவது என்று கேட்காதீர்கள், உவமை அதற்கு மேல் தாங்காது.

வரலாறும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கொலராடோவில் பழுப்புக் கறை படிந்த பற்களை மெக்கே என்ற பல் மருத்துவர் 1901-இல் கவனிக்கத் தொடங்கினார்; அந்தப் பற்களில் சொத்தை குறைவு. காரணம் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு என்று 1931-இல் தெரிந்தது. 1945-இல் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் அதைக் குடிநீரில் சேர்த்தது; மலேசியா 1972-இல் தேசியக் கொள்கையாக்கியது. அளவு மீறினால் கெடுதி என்பதும் உண்மை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி மாவட்டத்தில் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டவர்கள் ஏராளம்.

இப்போது வாசகியின் கிண்ணத்துக்கு வருவோம். சமையல் சோடா நல்லது. அமிலத்தை அடக்கும், கீறாது. தேங்காய் எண்ணெய் வாயை வழவழப்பாக்கும். அதற்கு மேல் சொல்லப்படும் அற்புதங்களுக்கு ஆதாரம் மெலிந்தது. மஞ்சள் துவாலையைக் கறையாக்கும். கிராம்பில் உள்ள யூஜெனால் வலியை மரத்துப்போகச் செய்யும், ஆகவே சொத்தை விழுந்த பிள்ளை சொல்லாமலேயே இருந்துவிடலாம். எலுமிச்சை பிழியச் சொல்லும் காணொளிகளும் சுற்றுகின்றன. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 அளவில் இருக்கும். சோடாவோடு சேர்ந்து பொங்குவது பார்க்க அழகு, மிச்சமிருக்கும் அமிலம் பல்லுக்கு ஆபத்து. மொத்தத்தில் இந்தப் பசை துடைக்கும், மணக்கும். மண்டோர் மட்டும் இல்லை.

“எங்கள் பாட்டிக்குக் கடைசிவரை பல் இருந்ததே” என்கிறாராம் மாமியார். இருந்திருக்கும். அந்தப் பாட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை சர்க்கரை தொட்டார்? கரியைப் பாராட்டுமுன் அதை எண்ண வேண்டும். நாற்பது வயதில் பொக்கை வாயான பாட்டிகளை யாரும் காணொளியில் காட்டுவதும் இல்லை.

‘இயற்கையான’ ஃபுளோரைடுதான் வேண்டும் என்பவர்களுக்குத் தேயிலை இருக்கிறது. அந்தச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். சர்க்கரை போடாத தே ஓ கோசோங் ஒரு லிட்டரில் சில மில்லிகிராம் வரை இருக்கலாம். பற்பசையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் என்பதால், தேநீரை நம்பிக் குழாயைத் தூக்கிப் போட முடியாது.

அதனால் அம்மா, உங்கள் பசையில் கரியை மட்டும் எடுத்துவிட்டு, காலையில் ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, காலையும் இரவும் பிள்ளைகளுக்கு 1,000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பசை. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். துப்பியதோடு சரி, வாய் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் அந்த அயனியும் கால்வாயோடு போய்விடும்.

இதை என் அம்மாவிடம் சொல்லிப் பத்து வருடமாகிறது. இன்றும் ஒரு சொம்புத் தண்ணீர் தீரும்வரை கொப்பளித்துவிட்டு, “எச்சி வாயோட எப்படிடா படுக்கிறது?” என்கிறார்.