செப்புக் காசுக்கு வம்சக் கதை எதற்கு?

கொழும்புப் புறக்கோட்டையில் பழைய காசு விற்பவர்களில் சிலர் காசோடு ஒரு வம்சத்தையும் சேர்த்தே விற்கிறார்கள். "யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசு, ஐயா", "தொண்டைமான் மகாராசா வெற்றிக்கு அடித்தது" என்பார்கள். விலை ஏறுவது செம்பால் அல்ல, அந்தப் பேச்சால்தான்.

இந்தப் பேச்சு முழுப் பொய்யாக இருந்தால் தொல்லையே இல்லை. படுத்திருக்கும் இடபத்தையும் 'சேது' என்ற தமிழ் எழுத்தையும் பொறித்து, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் செப்புக் காசு வெளியிட்டது உண்மை. ஆனால் இராமநாதபுரம் சேதுபதிகளும் அதே சொல்லைத் தங்கள் காசில் பொறித்தார்கள். ஆகவே 'சேது' என்று கண்டதும் யாழ்ப்பாண அரசரின் நல்லூருக்குப் போய்விடக் கூடாது. புதுக்கோட்டை அம்மன் காசும் அப்படித்தான். ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய'. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் நவராத்திரி தானத்தில் கொடுத்த காசு அது. பிற்காலத்தில் இயந்திரத்தில் ஏராளமாக அடித்தார்கள். அரியது என்று சொல்லிக் கேட்கும் விலைக்கு நியாயமில்லை.

அனுமனோ ராமர் பட்டாபிஷேகமோ பொறித்து, 1818 என்று ஆண்டு போட்ட 'கம்பனி அரையணா' என்றால் யோசிக்கவே வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பனி அப்படியொரு அரையணாவை அடிக்கவில்லை. பிற்காலத்து வில்லைகள் அவை. 'அரிசியை இழுக்கும் அதிசயச் செம்பு' என்று சொல்லிப் பெருந்தொகை பறிக்கும் கும்பல்களுக்கும் இதுவே கருவி.

அசலாகவே இருந்தால் வேறு ஆபத்து. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட நாணயங்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி நாயக்கர் அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த ஒப்பந்தத்தின் தேதி அது. கடைசி அரச குடும்பம் வீழ்ந்த நாளையே சட்டம் எல்லைக்கோடாக வைத்துக்கொண்டது! மண்ணுக்கடியில் கிடக்கும் தொல்பொருள் அரசின் சொத்து; காணி உங்களுடையது என்பதற்காகக் காசும் உங்களுடையதாகாது. கிடைத்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள பொலிசுக்கோ உடனே அறிவிக்க வேண்டும். அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். "வயலில் கிளறியபோது வந்தது" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அங்கிருந்து நகர்வதே நல்லது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் அம்மம்மாவின் பெட்டகத்துக் காசை இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ அனுப்ப நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். பரம்பரைச் சொத்தென்றாலும் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோப்பித் தொழிலுக்காகக் கொழும்புக் கம்பனிகள் வெளியிட்ட வில்லைகள் அந்த 1815 எல்லைத் தேதிக்குப் பிற்பட்டவை. அவற்றைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. அதில் 'பழைய காசு' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த அரசு அல்லது கம்பனி, எந்தக் காலம், அசலா மறுபதிப்பா என்பதை எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். வாய் நிறையச் சொன்னவர் பேனாவைக் கண்டதும் தயங்கினால், விடை கிடைத்துவிட்டது.

வாங்கும் முன் கோட்டைக்கு நடந்துபோய், சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் நூதனசாலையில் அசல் காசுகளைப் பாருங்கள். விளிம்பில் வார்ப்புக் கோடோ முகத்தில் காற்றுக் குமிழிக் குழிகளோ தென்பட்டால் சந்தேகிக்கலாம். ஏமாந்துவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறையிடலாம். அழைப்பு எண் 1977. முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பெருந்தொகை மோசடியென்றால் பொலிசுக்கும் செல்லுங்கள். காசைத் தேய்த்து மினுக்காமல், பற்றுச்சீட்டோடு அப்படியே கொண்டுபோங்கள்.