அவரவர் வாசலுக்கு அவரவர் காவல்



மே மாதம் பிறந்தால் கிங்ஸ் சர்க்கிளிலும் மாதுங்காவிலும், தாராவியிலும் செம்பூரிலும் தமிழர் குடியிருக்கும் வீடுகளின் கதவுகளில் பூட்டுகள் தொங்கத் தொடங்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் இரயிலேறுகிறோம். ஊரில் சபையாரோடு ஆராதித்து, உற்றார் உறவினரைக் கண்டு மகிழ்ந்திருந்தாலும், பம்பாயில் பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பற்றிய எண்ணம் நெஞ்சின் ஓரத்தில் உறுத்திக்கொண்டேயிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு விடுமுறையில், கிங்ஸ் சர்க்கிளில் நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்து வீட்டில் பூட்டு உடைக்கப்பட்டது. அந்த வீட்டு வாசலில் கேமரா இருந்தது. பதிவும் இருந்தது. ஆனால் விசாரிக்க வந்த காவல் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இதில் முகம் எங்கே?" என்று கேட்டார். கூரையை ஒட்டி மிக உயரத்தில் மாட்டப்பட்டிருந்த அந்தக் கேமரா, வந்தவனுடைய தொப்பியையும் தோளையும் மாத்திரமே பதிவு செய்திருந்தது.

அந்த வாரமே நானும் ஒரு கேமரா வாங்கி மாட்டினேன். முகம் தெரியும்படியாகத்தான் மாட்டினேன். ஆயினும் அதில் வேறொரு தவறு செய்தேன். அதையும் இங்கே மறைக்காமல் அறிக்கையிடப் போகிறேன்.

கேமரா வைப்பது அவிசுவாசமா?

விசுவாசிகளில் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. தேவன் காக்காத பட்டணத்துக்கு மனிதக் காவல் பயன்படாது என்பதை 127 ஆம் சங்கீதத்திலிருந்து அறிந்திருக்கிறோம். அதே வேதத்தில் நெகேமியாவையும் பார்க்கிறோம். எருசலேமின் அலங்கத்தைக் கட்டியபோது சத்துருக்கள் எழும்பினார்கள். அவன் ஜெபமும் பண்ணினான். இரவும் பகலும் காவலும் வைத்தான் (நெகேமியா 4:9). ஜெபம் காவலை விலக்கவில்லை; காவல் ஜெபத்துக்கு மாற்றாகவும் இல்லை.

அலங்கம் முடிந்தபின் அவன் செய்த ஏற்பாடு இன்னும் கவனிக்கத்தக்கது. நகரத்துக் குடிகளையே காவலுக்கு நிறுத்தி, ஒவ்வொருவனுக்கும் அவனவன் வீட்டுக்கு எதிரான இடத்தைக் குறித்துக் கொடுத்தான் (நெகேமியா 7:3). அவரவர் வாசலுக்கு அவரவர் காவல். வீட்டுக் கேமராவைப் பற்றி ஒரு விசுவாசி அறிந்துகொள்ள வேண்டிய பாதிப் பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

வீதியைக் காக்க வேறு கண்கள் உண்டு. 2008 நவம்பர் மாதத் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட ராம் பிரதான் குழு, நகரமெங்கும் கேமராக்கள் வேண்டுமென்று பரிந்துரைத்தது. அதன்படி 2016 ஆம் ஆண்டில் மும்பையில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் காவல்துறையின் பொறுப்பில் இயங்கத் தொடங்கின. ஆகவே மகேஸ்வரி உத்யானைச் சுற்றியோடும் வாகனங்களை நம் வீட்டுக் கேமரா பார்க்க வேண்டியதில்லை. நம் கதவில் கை வைக்கிறவன் யார் என்பதை அது தெளிவாகக் காட்டினால் போதும்.

நம் வீட்டில் என்ன இருக்கிறது?

நம்மில் அநேகர் பொன்னாபரணம் தரிப்பதில்லை. 'நம் வீட்டில் திருடன் எதை எடுப்பான்?' என்று எண்ணுகிறோம். ஆனால் நம் இரும்புப் பெட்டிகளில் பொன்னைவிட அரியவை இருக்கின்றன. ரேஷன் கார்டு, பழைய வாடகை ரசீது, பகடி வீட்டுப் பத்திரம், மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவை அவை. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தில் இலவச வீட்டுக்கு உரிமை கோருகிறவர், 2000 ஜனவரி 1 ஆம் தேதிக்கு முன்பிருந்தே அந்தக் குடியிருப்பு இருந்தது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அந்தக் காகிதம் தொலைந்தால், அதை எந்தக் கேமராவும் திரும்பக் கொண்டுவராது. ஆகையால் கேமரா வாங்குமுன் நல்ல பூட்டு வாங்குங்கள். பத்திரங்களுக்கு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். கேமரா திருட்டைத் தடுத்து நிறுத்தும் கதவு அல்ல. அது சாட்சி சொல்லும் கண் மாத்திரமே.

எதை வாங்குவது?

லேமிங்டன் ரோட்டிலோ வேறெங்கோ கடைக்குச் சென்றால், எத்தனை மெகாபிக்சல் என்பதையே முதலில் சொல்லுவார்கள். அதைவிட முக்கியமானது லென்ஸின் அளவு. 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும். ஆனால் 2 மெகாபிக்சல் கேமராவில் அந்த லென்ஸ் இருந்தால், அறியாத ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காணத்தக்க தெளிவு ஏறத்தாழ 10 அடி தூரம் வரைதான் கிடைக்கும். 4 மில்லிமீட்டர் லென்ஸில் ஏறத்தாழ 14 அடி வரையிலும், 6 மில்லிமீட்டர் லென்ஸில் ஏறத்தாழ 24 அடி வரையிலும் அந்தத் தெளிவு கிடைக்கும். அதற்கேற்பப் பார்வையின் அகலம் குறுகிவிடும்.

ஆகவே வாங்குமுன் ஒரு அளவு நாடாவை எடுத்து, கேமரா மாட்டும் இடத்திலிருந்து கதவு வரை அளந்து பாருங்கள். வாசலுக்கு வெளியே நான்கைந்து அடி நடை மாத்திரம் உள்ள வீட்டுக்கு 2.8 மில்லிமீட்டர் போதும். நீண்ட பொது நடையின் கடைசியில் உங்கள் வீடு இருந்தால் 4 அல்லது 6 மில்லிமீட்டர் உகந்தது. சில கேமராக்களில் படத்தை நெட்டுவாக்கில் திருப்பும் வசதி உண்டு. குறுகிய நடைகளுக்கு அது மிகவும் ஏற்றது. பக்கச் சுவர்கள் படத்தின் இடத்தை வீணாக்காது.

2025 ஏப்ரல் 9 முதல், இந்தியாவில் விற்கப்படும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனைகளுக்கு உட்பட வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்று உண்டா என்று கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எங்கே மாட்டுவது?

உயரம்: தரையிலிருந்து 7 முதல் 8 அடி உயரம் முகத்தைக் காண்பதற்கு ஏற்றது. எட்டிப் பிடித்துத் திருப்பிவிடுவார்களோ என்னும் பயமிருந்தால் 9 அடி வரை உயர்த்தலாம். அதற்குமேல் போனால், எங்கள் கீழ்த்தளத்து வீட்டாருக்குக் கிடைத்ததுபோலத் தொப்பிதான் கிடைக்கும்.

வெளிச்சம்: வெயில் விழும் திறந்த வெளியை நோக்கிக் கேமராவைத் திருப்பினால், வருகிறவர் கறுத்த நிழலாய்த் தெரிவார். வெளிச்சம் கேமராவின் முதுகுப்புறத்திலிருந்து வரட்டும். அதற்கு வழியில்லையென்றால் டபிள்யூ.டி.ஆர். என்னும் வசதியுள்ள கேமராவை வாங்குங்கள். இரவில் கேமராவிலிருந்து அகச்சிவப்பு ஒளி புறப்படும். மிக அருகில் வெள்ளைச் சுவரோ, குழாயோ, ஒட்டடையோ இருந்தால் அந்த ஒளி பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெண்புகையாகிவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறம் வைத்தாலும் இதேதான் நேரும். மாதம் ஒருமுறை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஒட்டடையை நீக்குங்கள்.

மழை: ஜூன் முதல் செப்டம்பர் வரை பம்பாய் மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் மாட்டும் கேமரா ஐ.பி.66 அல்லது 67 தரத்தில் இருக்கட்டும். கம்பி இணைப்புகளை வெளியே தொங்கவிடாமல் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் கனமழையில் நீர் தேங்கும் இடங்கள். தரைத்தளத்தில் இருப்போர் பதிவுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் உயரமான அலமாரியில் வையுங்கள். திருடன் கண்ணுக்குப் படாதபடி அதை மறைத்து வைப்பதும் அவசியம்; பெட்டியையே எடுத்துச் சென்றால் சாட்சியும் அதோடு போய்விடும்.

பதிவு: 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, எச்.265 முறையில் வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் இடைவிடாமல் பதிவு செய்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 ஜிபி செலவாகும். 128 ஜிபி அட்டை ஆறு நாட்களில் நிறைந்து, பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும். ஒரு மாதம் ஊருக்குப் போகிறவருக்கு இது போதாது. ஆள் நடமாட்டம் உண்டாகும்போது மாத்திரம் பதியும்படி அமைக்கலாம். அல்லது 1 டிபி வன்தட்டு உள்ள பதிவுப் பெட்டியை வைக்கலாம். மின்வெட்டின்போது அணைந்துவிடாதபடி, பதிவுப் பெட்டிக்கும் இணையப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சிறிய யு.பி.எஸ். இருக்கட்டும்.

பதிவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63 ஆம் பிரிவின்படி, இத்தகைய பதிவை நீதிமன்றத்தில் ஒப்புவிக்கும்போது அதற்குரிய சான்றிதழும் வேண்டும். எனவே ஏதாவது சம்பவித்தால் பதிவை வெட்டித் திருத்தாமலும், வாட்ஸ்அப்பில் பரப்பாமலும், மூலப் பதிவை அப்படியே பாதுகாத்துக் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள்.

நான் செய்த தவறு

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். எங்கள் நடையின் எதிர்ப்புறத்தில் ஒரு குஜராத்திக் குடும்பம் வசிக்கிறது. அந்த வீட்டம்மையாரை நாங்கள் 'பென்' என்றே அழைப்போம். சகோதரி என்று பொருள். பகலெல்லாம் அவர்கள் கதவு திறந்தே இருக்கும். எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும்போது, தம் கூடத்து ஊஞ்சலில் அமர்ந்தபடியே பாடல்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் கேமரா மாட்டிய பின்பு அந்தக் கதவு மூடிக்கொண்டது. பத்து நாட்கள் நான் அதைக் கவனிக்கவேயில்லை. என் மனைவிதான் கவனித்தாள்.

பென்னிடம் விசாரித்தபோது, தயங்கித் தயங்கி, "பாய், எங்கள் ஊஞ்சல் உங்கள் மொபைலில் தெரிகிறதா?" என்று கேட்டார்கள். 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்து, மொபைலைத் திறந்து பார்த்தேன். தெரிந்தது. ஊஞ்சல் மாத்திரமல்ல, கூடத்தின் பாதியும் தெரிந்தது. என் வாசலுக்குக் காவல் வைக்கிறேன் என்று எண்ணி, அவர்கள் வீட்டுக்குள் கண் வைத்திருந்தேன்.

தாவீது தன் அரமனை உப்பரிகையிலிருந்து பார்த்த பார்வை அவனை எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை 2 சாமுவேல் 11 ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். அடுத்த வீட்டுக்குள் பாயும் பார்வை, மாட்டுகிறவன் தீங்கு நினையாதபோதும், அவ்வீட்டாரின் நிம்மதியைக் கெடுக்கிறது. அன்று மாலையே கேமராவைக் கழற்றி எதிர்ச்சுவருக்கு மாற்றி, என் கதவை மாத்திரம் பார்க்கும்படி திருப்பினேன். பக்கவாட்டில் தெரிந்த சிறு பகுதியையும், கேமராவிலேயே உள்ள மறைப்பு வசதியால் கறுப்பாக்கி, பென்னை அழைத்துக் காண்பித்தேன்.

சட்டமும் இதைத்தான் சொல்லுகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடன் வசிப்பவரின் சம்மதமின்றி வீட்டின் வசிப்பிடப் பகுதிக்குள் கேமரா வைத்து இயக்கலாகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2025 இல் உத்தரவிட்டபோது, உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஆகவே பொது நடையிலோ மாடிப்படியிலோ கேமரா மாட்டுமுன், அண்டை வீட்டாரிடம் பேசி, சொசைட்டியின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள்.

வீட்டுக்குள் வேண்டுமா?

கூடுமானவரை வேண்டாம். படுக்கையறையிலும் உடை மாற்றும் இடத்திலும் ஒருக்காலும் வேண்டாம். ஓரறை வீட்டில் குடியிருப்போர் இதை இரட்டிப்பாய்க் கவனிக்க வேண்டும். அவர்களுக்குக் கூடமும் அதுவே, படுக்கையறையும் அதுவே. வயதான தாயாரைக் கவனிக்க வேண்டிய அவசியமிருந்தால், அவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு வையுங்கள். மருமகளையோ வேலைக்கு வரும் சகோதரியையோ மறைவாகக் கண்காணிக்கும் வீட்டில் சமாதானம் தங்காது.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் களவாடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டன. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லே அதற்கு வழி திறந்தது என்று செய்திகள் வெளியாயின. 2016 இல் 'மிராய்' என்னும் கெடுநிரல் உலகெங்கும் ஏராளமான கேமராக்களைக் கைப்பற்றியதும், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை எவரும் மாற்றாததினாலேயே. ஆகவே கேமரா மாட்டிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாட்டிக் கொடுத்தவர் அறியாத சொல்லாக அது இருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதையும் இயக்கி வையுங்கள்.

மேலான காவல்

இந்தக் கோடையிலும் நாங்கள் ஊருக்குப் போகிறோம். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் மாற்றுச் சாவி பென்னிடம் இருக்கும். கேமரா எனக்குச் செய்தி அனுப்பினாலும், நாகர்கோவிலிலிருந்து நான் ஓடிவர முடியாது. எதிர்க்கதவைத் திறந்து, "யார் அங்கே?" என்று கேட்கக்கூடியவர் அவர் ஒருவரே. அந்தக் கதவை நான் என் கையாலேயே மூடப் பார்த்தேன். தேவன் அதை மறுபடியும் திறந்தார்.

பிரியமானவர்களே, உங்கள் கேமராவின் படத்தை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் வாசலுக்கு வருகிறவருடைய முகம் அதில் தெரிகிறதா? அடுத்த வீட்டாரின் அந்தரங்கம் அதில் தெரியாதிருக்கிறதா? இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடுமானால், உங்கள் காவல் சரியான இடத்தில் நிற்கிறது. உறங்காத நம் தேவன் உங்கள் வாசலையும், உங்கள் அயலாரின் வாசலையும் காத்தருள்வாராக. ஆமென்.