சேவலா, வெடையா?

மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தைக்கு நாட்டுக்கோழிகளும் விற்பனைக்கு வருகின்றன. குஞ்சு வாங்குவோருக்கு அங்கே விலையைவிடப் பெரிய கேள்வி, கூடையில் வெடை எத்தனை என்பதுதான். முட்டைக்காக வளர்ப்பவருக்கு எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். மிகுந்த சேவல்கள் தீவனத்தைத் தின்று, தம்முள் சண்டையிட்டு, பெட்டைகளின் முதுகிறகையும் உதிர்த்துவிடும்.

கூர்முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்பார்கள். கோழியினத்தில் பாலினத்தைத் தீர்மானிப்பது தாயின் கருமுட்டை. ஓடு உருவாகும் முன்பே அது முடிந்துவிடுகிறது. ஓட்டின் வடிவத்தில் சேவலைத் தேடுவது வீண். பிடரியைப் பிடித்துத் தூக்கிக் கால் மடக்குகிறதா என்று பார்ப்பதும் அப்படியே. ஒருநாள் குஞ்சின் கழிவுத்துளையை ஆராய்ந்து பாலினம் அறியும் முறையை ஜப்பானிய அறிஞர்கள் 1920-களில் வகுத்தனர். அது நீண்ட பயிற்சி வேண்டும் தொழில்; முட்டைக்கோழிப் பொரிப்பகங்களுக்கே கட்டுப்படியாகும். (அங்கே கழிக்கப்படும் சேவல் குஞ்சுகள்தாம் பெரும்பாலும் சாயம் பூசப்பட்டுத் திருவிழாக்களில் குழந்தைகள் கைக்கு வருகின்றன.)

வீட்டில் வளர்ப்பவருக்குக் கைகொடுப்பது பொறுமையான கவனிப்பே. ஐந்தாறு வாரங்களில் வேறுபாடு தெரியத் தொடங்கும். இளஞ்சேவல்கள் கழுத்து மயிரைச் சிலிர்த்து, நெஞ்சோடு நெஞ்சு மோதும். தோற்றது விலகும், மறுநாள் மீண்டும் வரும். பருந்து வட்டமிட்டால் சேவல் நிமிர்ந்து குரல் கொடுக்கும். வெடை பெரும்பாலும் தரையோடு பதுங்கும். கொண்டையும் சேவலுக்கு முந்திச் சிவக்கும்.

ஆனால் பெருவிடை இனத்தில் இது ஏமாற்றும். சண்டைக் குணம் பெட்டைக்கும் உண்டு. கொண்டையோ இரண்டிற்கும் சிறிது. எனவே ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பல நாள் பார்க்க வேண்டும். காலையில் பஞ்சாரத்தைத் திறந்துவிடும் நேரம் அதற்கு ஏற்றது. ஐயம் தீராதவற்றுக்கு மூன்றாம் மாதம் வரை பொறுத்தால், கூவலும் இடுப்பில் தொங்கும் கூரிய இறகுகளும் சேவலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊரகப் பெண்களுக்கு நான்கு வார வயதுடைய 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 விழுக்காடு மானியத்தில் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு செயல்படுத்தியுள்ளது. நல்ல திட்டம். ஆனால் நான்கு வாரம் என்பது பாலினம் தெளியாத வயது. ஏறத்தாழப் பாதி சேவலாகவே இருக்கும். பணமுடை வரும்போது எதை விற்பது என்று தெரியாமல், இன்னும் சில மாதங்களில் முட்டையிடப்போகும் வெடையைக் கறிக்குக் கொடுத்துவிடுவோர் உண்டு. குஞ்சு வழங்கும் நாளன்றே, எட்டு வார வயதுடைய சேவல் ஒன்றையும் வெடை ஒன்றையும் அருகருகே நிறுத்திக் கால்நடை உதவி மருத்துவர் அரைமணி நேரம் விளக்கலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.