பவளத் தொட்டிக்கு எந்த மணல்?

கடல்நீர்த் தொட்டியின் அடிமணல் வெறும் அலங்காரமன்று. மீன்கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் வாழ்கின்றன.

ஏற்ற மணலை மாணவர்களே கண்டறியலாம். கடற்கரை இல்லாத வானகரத்திலும் இச்சோதனை எளிது. ஆற்றுமணலிலும் நொறுக்கிய சிப்பி ஓட்டிலும் வினிகர் விடச் செய்யுங்கள். சிப்பி ஓடு நுரைக்கும். அது கால்சியம் கார்பனேட். பவளக்கூடும் இதே பொருள்தான். எனவே அவ்வகையான அரகோனைட் மணலே தொட்டிக்கு ஏற்றது.

அலசிய மணலை 3 செ.மீ. உயரத்திற்குப் பரப்பினால் போதும். நீர் மாற்றும்போது பகுதி பகுதியாகக் கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் கழுவினால் பாக்டீரியாக்கள் குறைந்து அம்மோனியா கூடும்.

மணலுக்காகக் கடலிலிருந்து பவளத்தை எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டப்பட்ட காலம் உண்டு. 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. சோதனையோடு இதையும் மாணவர்களுக்கு விளக்குங்கள்.