ஹிரோஷிமா கோட்டை: கட்டி எழுப்பியதும் எஞ்சி நிற்பதும்

ஹிரோஷிமா என்றதும் நம் கண்முன் வருவது ஆற்றங்கரையில் எலும்புக்கூடாக நிற்கும் குவிமாடம். அங்கிருந்து வடகிழக்கே சிறிது தூரம் நடந்தால் அகழி சூழ்ந்த ஒரு கோட்டை. அந்த ஊரே அதைச் சுற்றி வளர்ந்ததுதான். 1589-ல் மோரி தெருமோட்டோ என்ற பிரபு ஓட்டா ஆற்றின் கழிமுகத்தில் அதைக் கட்டத் தொடங்கினார். 1619 முதல் இரண்டரை நூற்றாண்டு அசானோ குடும்பம் அங்கிருந்து ஆண்டது.

பிரபுக்களின் காலம் முடிந்ததும் கோட்டைக்குள் ராணுவம் குடியேறியது. 1894-ல் சீனாவுடன் போர் மூண்டபோது பேரரசர் மெய்ஜி தம் போர்த் தலைமையகத்தையே இங்கு மாற்றி, மறு ஆண்டு ஏப்ரல் வரை தங்கினார். ஊரின் உஜினா துறைமுகத்தில் படைகள் கப்பலேறின. அணுகுண்டுக்கு இரையான இந்தக் கோட்டை, அதற்கு முன் அரை நூற்றாண்டுக் காலம் அயல்நாடுகள்மீது படை அனுப்பிய இடமும்கூட. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அங்கே மாண்டவர்களின் கதை பாதிக் கதையாகிவிடும்.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. குண்டு வெடித்த இடத்துக்கும் கோட்டையின் ஐந்தடுக்குக் கோபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 1931-ல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட அந்த மரக்கோபுரம் வெடிப்பின் வேகத்தில் சரிந்து விழுந்தது. முகாம்களில் இருந்த வீரர்களும், அருகே சிறைவைக்கப்பட்டிருந்த அமெரிக்க விமானப்படையினரும் மாண்டார்கள்.

அகழியோரம், பாதி மண்ணுக்குள் புதைந்த கான்கிரீட் அறையொன்று மட்டும் தாங்கியது. ராணுவத்தின் தகவல் தொடர்பு அறை அது. வேலை பார்த்தவர்களில் பலர் ஹிஜியாமா பெண்கள் பள்ளி மாணவிகள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவர்களைப் போர் இங்கே உட்காரவைத்திருந்தது. விமானத் தாக்குதல் எச்சரிக்கையைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோதே வெளிச்சம் பாய்ந்தது. தூக்கி எறியப்பட்ட ஒரு சிறுமி எழுந்து வெளியே வந்து பார்த்தாள், ஊர் இல்லை. திரும்பவும் உள்ளே ஓடி, வேலை செய்த ஒரு தொலைபேசியில் புகுயாமா நகரிலிருந்த படைப்பிரிவை அழைத்து, ஹிரோஷிமா அழிந்துவிட்டது என்றாள். அழிவைப் பற்றி வெளியே போன முதல் செய்திகளில் ஒன்று அது. கேட்டவருக்கு நம்ப முடியவில்லை. வெளியே பணியில் இருந்த அவளுடைய தோழிகள் பலர் பிழைக்கவில்லை.

இன்று அகழிநீரில் நிழல் விழ நிற்கும் கோபுரம் 1958-ல் கான்கிரீட்டில் எழுப்பியது. அழிந்த ஊருக்கு அது தேவைப்பட்டிருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990-களில் முன்வாயிலும் காவல் மாடங்களும் மரத்திலேயே மீண்டும் எழுந்தன. பார்க்க வருகிறவர்கள் இவற்றைத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் அந்த நாளைக் கண்ட சாட்சிகள் தாழ்வான இடங்களில் இருக்கின்றன. பேரரசரின் தலைமையகத்துக்கு அடித்தளக் கற்கள் மட்டுமே மிச்சம். குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 740 மீட்டரில் இருந்த யூகலிப்டஸ் மரம் கருகியும் துளிர்த்தது, இன்றும் நிற்கிறது. அந்தத் தொலைபேசி அறையும் இருக்கிறது. பக்கத்தில் மாணவிகளுக்கு ஒரு நினைவுக்கல். கான்கிரீட் பலவீனமாகிவிட்டதால் 2017 முதல் பொதுமக்களை உள்ளே விடுவதில்லை.

1958-ன் கோபுரத்துக்கும் வயதாகிவிட்டது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வலு போதாது என்பதால் 2026 மார்ச்சில் அதை மூடுவதாக நகராட்சி அறிவித்தது. பழையபடி மரத்திலேயே கட்டலாம் என்ற பேச்சும் நடக்கிறது. கட்டட்டும். ஆனால் அதற்கு முன்பே அந்தத் தாழ்ந்த அறையின் சுவர்களைப் பலப்படுத்திக் கதவைத் திறந்துவிட வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகள் அந்த அறைக்குள் நின்று அந்தத் தொலைபேசி அழைப்பின் கதையைக் கேட்க வேண்டும்.