இயன்முறை சிகிச்சை தொடங்குமுன்

கைத்தறியாளர்க்கும் உழவர்க்கும் உடலே முதல் மூலதனமாகும். நாள் முழுதும் குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டையை மிதிப்போர்க்கு இடுப்பும் தோளும் நோகின்றன. குனிந்து நாற்று நடுவோர்க்கும் மணிலாக் கொல்லையில் களை வெட்டுவோர்க்கும் முதுகும் முழங்காலும் நோகின்றன. தைலத்தாலும் மாத்திரையாலும் நாளைக் கடத்தி, வேலை அறவே ஓடாத நிலை வந்த பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். அவர் இயன்முறை சிகிச்சைக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, அனுப்பினாலோ, மூன்று நாள் சென்றபின் "நோவு தீரவில்லை" என்று நின்றுவிடுகின்றனர். கூலியும் போய், குணமும் இல்லாமற் போகிறது. இந்த நஷ்டத்தைத் தவிர்க்க, அங்கத்தினர்கள் சில செய்திகளை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, இச்சிகிச்சையில் சிகிச்சையாளர் வழி காட்டுவார்; செய்ய வேண்டியவர் நோயாளியே. மருத்துவமனையில் பயின்றதை வீட்டில் நாள்தோறும் செய்தாலன்றிப் பயன் விளையாது. வலுவிழந்த தசை மீண்டும் வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும். விதைத்த மறுநாளே கதிரை எதிர்பார்ப்பார் உண்டோ?

இரண்டாவது, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ முதன்முறை செல்வோர், மருத்துவர் சீட்டு, எக்ஸ்ரே படம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை உடன் கொண்டு செல்க. தளர்ந்த ஆடை அணிக. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இருதய நோய், முன்னர்ச் செய்துகொண்ட அறுவை, கர்ப்பம் ஆகிய எதனையும் மறைக்கலாகாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்க்குச் சூடு தெரியாது. வெந்நீர் ஒற்றடமே புண்ணாக்கிவிடக்கூடும். தம் தொழிலையும் விளங்கச் சொல்லல் வேண்டும். எத்தனை மணி நேரம் தறியில் அமர்கிறோம், எவ்வளவு சுமை தூக்குகிறோம் என்பவற்றை அறிந்தாலன்றித் தக்க பயிற்சியை வகுத்தல் அரிது.

மூன்றாவது, பயிற்சியின்போது சிறிது இழுப்பும், மறுநாள் சிறு வலியும் தோன்றுதல் இயல்பு. அதற்கு அஞ்சி நிறுத்த வேண்டுவதில்லை. குத்தும் வலி, மூட்டு வீக்கம், கால் மரத்தல் ஆகியன கண்டால் உடனே நிறுத்திச் சிகிச்சையாளரிடம் சொல்லுக. இடுப்பு வலியுடன் சிறுநீர் அடைபட்டாலும், அதனை அடக்க இயலாமற் போனாலும், கால் திடீரென வலுவிழந்தாலும், தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க. முழங்கால் நோவுடையோர், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை மேற்கொள்ளுமுன் சிகிச்சையாளரைக் கேட்டறிதல் நன்று. நடையைச் சிறுகச் சிறுகவே கூட்டல் வேண்டும்.

இம்முயற்சியின் பயனுக்கு அண்டையிலுள்ள வேலூரே சான்று. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தார். இடைவிடாப் பயிற்சியால் எழுந்து அமர்ந்து, சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. அவருடைய கால்கள் மீளவில்லை, தொழில் மீண்டது. நோவை முற்றும் ஒழிப்பது எல்லோர்க்கும் கைகூடாது. ஆயினும், இயன்ற அளவு மீண்டும் பணி செய்ய வைப்பதே இச்சிகிச்சையின் நோக்கமாகும்.

பக்கவாதம் முதலியவற்றால் நடமாட இயலாதோர்க்கு இல்லத்திலேயே இயன்முறை சிகிச்சை அளித்தல், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்க்கப்பட்டது. விவரத்தை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து அறியலாம்.

சங்கத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. சிகிச்சைக்குச் செல்லும் அங்கத்தினர்க்குத் துணி ஒப்படைக்கும் தவணையைச் சில வாரம் தள்ளித் தருதல் அரிதன்று. ஒருவர் தறி ஓய்ந்தால் அது நம் அனைவர்க்கும் நஷ்டமன்றோ!