சிரிப்பு தகட்டில் இல்லை, சுபாவத்தில்

அறிவியல் புனைகதைக்குப் படம் வரையும்போது, விலங்கு ரோபோ என்றால் ஒரு நாயை வரைந்து உடம்பெல்லாம் தகடு ஒட்டி, தலையில் ஆன்டெனா நட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் படம் யாரையும் சிரிக்க வைக்காது. சிரிப்பு அந்த விலங்கின் சுபாவத்தில் இருக்கிறது. தமிழில் இதற்கு நல்ல சாட்சி ஜீனோ. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் வரும் இயந்திர நாய் அது. பிள்ளை பெறுவதற்குக்கூட அரசின் அனுமதி வேண்டிய ஓர் எதிர்கால நாட்டில், இந்தக் குட்டி நாய் புத்தகம் படிக்கிறது, துடுக்காகப் பேசுகிறது, கதாநாயகி நிலாவுக்கு யோசனை சொல்கிறது. மனிதர்கள் யோசிக்கத் தயங்கும் இடத்தில் நாய் யோசிக்கிறது. அந்தக் கதையின் நகைச்சுவையும் விமர்சனமும் இந்த ஒரே முரணிலிருந்து பிறக்கின்றன.

மனித உருவத்தையே வரைந்தால் என்ன என்று கேட்கலாம். மனிதனை ஏறக்குறைய ஒத்திருந்தும் முழுதாக ஒத்திராத இயந்திரம் நமக்குள் ஒரு கிலியை உண்டாக்கும் என்று ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970லேயே எழுதினார். விலங்கு உருவத்தில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் எந்த விலங்கு என்பதும் முக்கியம். முதியோர் இல்லங்களில் ஆறுதலுக்காகப் பயன்படும் 'பாரோ' ரோபோவை வடிவமைத்த தகனோரி ஷிபாதா, கடல்நாய்க் குட்டியின் உருவத்தைத் தேர்ந்தெடுத்தார். பூனையும் நாயும் நமக்கு நெருங்கிப் பழகியவை என்பதால், இயந்திரத்தின் சிறு குறையும் உடனே கண்ணில் படும். ஆறுதல் தர நினைத்தவருக்கு அந்தக் குறை இடைஞ்சல். சிரிக்க வைக்க நினைக்கும் ஓவியருக்கு அதுவே மூலதனம். எனவே நம் ஓவியர்கள் தெருவில் தினமும் பார்க்கும் பிராணிகளைத்தான் வரைய வேண்டும்.

இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு, அறிவியலுக்கு இதனால் என்ன லாபம் என்பது அடுத்த கேள்வி. 1739இல் பிரான்ஸின் வோகன்சான் ஓர் இயந்திர வாத்தைக் காட்சிக்கு வைத்தார். அது தானியத்தைக் கொத்தித் தின்று எச்சமும் போட்டது. எச்சம் முன்பே உள்ளே வைக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. அதே வோகன்சான் 1745இல் தானியங்கித் தறி ஒன்றை உருவாக்கினார். அந்த வழியில் வந்ததே 1804இன் ஜக்கார்டு தறி. அதன் துளையிட்ட அட்டைகள் பின்னாளில் கணினிக்கும் வழிகாட்டின. வாத்தை வைத்து வேடிக்கை காட்டிய கைதான் நெசவையும் மாற்றியது.

திருவள்ளூர் மாவட்டத்தின் நெசவூரான பொதட்டூர்பேட்டைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஓடும் தறியில் பாவு இழை ஒன்று அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இயந்திர அணில் சட்டத்தின் மேல் விர்ரென்று ஓடி வருகிறது, சட்டென்று உறைந்து நிற்கிறது, வாலை இருமுறை வெட்டுகிறது, முன்னங்கால்கள் இரண்டாலும் இழையைப் பிடித்து முடிச்சுப் போடுகிறது, போகிற போக்கில் ஒரு துணுக்கு நூலைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறது. இதை வரைய அணிலையும் தெரிந்திருக்க வேண்டும், தறியையும் தெரிந்திருக்க வேண்டும். இளம் ஓவியர்களே, வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து நகலெடுப்பதற்கு முன் உங்கள் வீட்டு மதில் மேல் ஓடும் அணிலை அரைமணி நேரம் பாருங்கள்.